கை வைக்கும் முன் ஒரு கேள்வி

மசாஜுக்குப் போகிறவர்கள் எண்ணெயை விசாரிக்கிறார்கள், விலையை விசாரிக்கிறார்கள். தேய்க்கப் போகிறவர் தங்களை விசாரித்தாரா என்று பார்ப்பவர்கள் குறைவு.

தாராவியின் 90 அடி சாலையில் முடி வெட்டிக்கொண்டு எழுந்திருக்கப் போகிறவரைக் கடைக்காரர் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைப்பார். உச்சந்தலையில் நாலு தட்டு, நெற்றிப்பொட்டில் இரண்டு அழுத்து, பிறகு மோவாயையும் பிடரியையும் பிடித்து ஒரு திருப்பு. ‘டொக்’ என்று சத்தம் வந்தால் இருவருக்கும் திருப்தி. மத்திய ரயில்வேயின் தண்டவாளத்தைத் தாண்டி மாதுங்காவுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே கேரள பாணி ஆயுர்வேத நிலையங்களில் சட்டையைக் கழற்றும் முன் வைத்தியர் எதிரே உட்கார வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, மலச்சிக்கல் உண்டா, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை என்று கேள்விகள் நீளும். செம்பூரில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் மாலிஷ்வாலி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். அவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: எண்ணெய் சூடு போதுமா?

மூன்று இடத்திலும் கைக்கு அடியில் இருப்பது அதே தோல், அதே தசை, அதே ரத்தக்குழாய். கேள்வி மட்டும்தான் வேறு. இந்த விசாரணை காசுள்ளவர்களுக்கான சடங்கு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மை நேர்மாறானது. ஏ.சி. அறையில் அலுப்புத் தீரப் படுப்பவரைவிட, நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும் தலையில் மூட்டை சுமப்பவருக்கும்தான் அது அதிகம் தேவை. வலியோடு வருகிறவர் அவர்தான். டாக்டரிடம் கடைசியாகப் போகிறவரும் அவர்தான்.

பெரும்பாலான மசாஜ் யாரையும் எதுவும் செய்துவிடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இறுகிய தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது, இடுப்பு வலி சில நாட்களுக்குக் குறைகிறது. நீண்ட காலப் பயனுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்றாலும் குறுகிய கால நிவாரணம் பொய்யல்ல. விபரீதங்கள் அபூர்வம். ஆனால் அந்த அபூர்வங்கள் என்ன பாடம் சொல்கின்றன என்று பார்க்காமல் இருக்க முடியாது.

2016-ல் டெல்லியில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் காலில் வலியும் வீக்கமும் போகவில்லை. வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவினார்கள். அசையாமல் கிடந்த காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது யாருக்கும் தெரியாது. நீவியதில் அந்தக் கட்டி பெயர்ந்து மேலேறி நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தது. இளைஞர் இறந்துபோனார். எய்ம்ஸ் டாக்டர்கள் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு இதை ஒரு சட்ட மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். நீவியது அன்பான கை. குறைந்தது ஒரு கேள்வி: இத்தனை நாள் கட்டுப்போட்டிருந்த கால் ஏன் இன்னும் வீங்கியிருக்கிறது?

கழுத்து விவகாரம் இன்னொரு ரகம். 2017-ல் டெல்லிப் பகுதியில் 54 வயதுக்காரர் ஒருவருக்கு முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பியதில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கெட்டு மூச்சு விடுவதே திண்டாட்டமானது. 2024-ல் கர்நாடகத்தின் பெல்லாரியில் 30 வயது இளைஞருக்கு இலவசத் தலை மசாஜின்போது கழுத்தைத் திருப்பியதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது. அழகு நிலையத்தில் தலை அலசக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வைப்பதால் வரும் பக்கவாதத்தைப் பற்றி 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விசாரணைகூட முழுக் காப்பு அல்ல. யாருடைய ரத்தக்குழாய் கிழியும் என்று கடை நாற்காலியில் வைத்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது. ஆகவே இங்கே வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “அண்ணே, தலையைத் தட்டுங்க, கழுத்தைத் திருப்ப வேணாம்.”

மற்றவற்றுக்குக் கேள்வி உதவும். இது மேல்நாட்டுப் புதுமையும் அல்ல. நோயாளியைப் பார்த்தல், தொடுதல், கேட்டல் என்ற மூன்று வழிப் பரிசோதனையை ஆயுர்வேதம் விதித்திருக்கிறது. தினம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், தலை, காது, பாதம் ஆகிய மூன்றுக்கும் விசேஷ கவனம் கேட்கிறது. கையோடு மூன்று பேருக்குத் தடையும் விதிக்கிறது: கபம் மிகுந்தவர், உடல் சுத்திகரிப்புச் சிகிச்சையை அப்போதுதான் முடித்தவர், அஜீரணத்தில் இருப்பவர். அதாவது ‘யாருக்குக் கூடாது’ என்பது எண்ணெய்க் கிண்ணம் அளவுக்குப் பழையது. சித்த மருத்துவம் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றோடு மொழியையும் சேர்த்திருக்கிறது. நோயாளியின் குரலும் பேச்சும் சோதனைக்குரியவை. அதே சித்த மரபு, நீவும் சிகிச்சையைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரிக்கிறது. ஒன்பது வகை இருக்கிறது என்றாலே, வந்திருக்கும் ஆளுக்கு எது என்று யாரோ ஒருவர் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்திய மாலிஷை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவருக்கும் இந்த விஷயம் தெரிந்திருந்தது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை ஊரில் மூலிகை நீராவிக் குளியலும் சம்பியும் நடத்தி, ஆங்கிலேய அரசர்களுக்கே உடம்பு பிடித்துவிட்டார். ‘ஷாம்பூ’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் ‘சம்பி’யின் வழித்தோன்றல். 1822-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் எண்ணெயின் பெருமையோடு, வந்தவர்களுக்கு என்ன நோய், எப்படித் தேறினார்கள் என்ற விவரங்களும் உண்டு. விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆள்வாரியாகக் குறிப்பு வைத்த விளம்பரம்.

லண்டனில் 1894-ல் மசாஜ் என்ற பெயரில் விபசாரம் நடப்பதாகப் பெரிய சர்ச்சை கிளம்பியது. தொழிலின் மானத்தைக் காப்பாற்ற, நர்ஸ்களும் மருத்துவச்சிகளுமான நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்றோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். டாக்டரின் வழிகாட்டுதல் இல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது என்பது அவர்களுடைய முக்கிய விதிகளில் ஒன்று. இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் ஆரம்பம் அதுதான். அந்தத் தொழில் இந்தியாவில் காலூன்றியதும் மும்பையில்தான். 1950-களின் தொடக்கத்தில் போலியோ பரவிய பிறகு பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பிசியோதெரபிப் பள்ளி தோன்றியது. முதலில் சோதனை, பிறகு சிகிச்சை என்ற ஒழுங்கை அது கற்றுக்கொடுத்தது. அதே நகரத்தின் சௌபாத்தி மணலிலும் ஜுஹூவிலும் எண்ணெய்ப் புட்டிகளைக் குலுக்கிக்கொண்டு மாலிஷ்காரர்கள் நடந்தார்கள். 1957-ல் குரு தத்தின் ‘பியாசா’ படத்தில் மாலிஷ்காரராக வந்த ஜானி வாக்கர் அவர்களை நாடு முழுவதற்கும் செல்லப்பிள்ளைகள் ஆக்கினார். பள்ளியின் ஒழுங்கு மட்டும் கடற்கரைக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, நல்ல விசாரணை என்றால் என்ன? அது வாடிக்கையாளர் வாசலில் நுழையும்போதே தொடங்கிவிடுகிறது. எந்தத் தோள் தூக்கியிருக்கிறது, உட்காரும்போது எந்தப் பக்கம் சாய்கிறார், எழும்போது எதைப் பிடிக்கிறார் என்பதையெல்லாம் பேசாமலே பார்க்கலாம். சட்டையைக் கழற்றும் விதம் ஒரு முழு அறிக்கை. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் மறு கையால் சட்டையை இழுப்பவருக்கு வெறும் சதைப்பிடிப்பு என்று நினைத்துக் கையை முறுக்கிவிட்டால் வலி இரட்டிப்பாகும். அது தோள்மூட்டு இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சில சமயம் சர்க்கரை இருப்பதையே தோள்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. “சுகர் பார்த்தாச்சா?” என்ற கேள்வி இங்கே மசாஜைவிடப் பெரிய உபகாரம்.

அடுத்தது வலியைப் பற்றிய பேச்சு. எங்கே, எப்போதிருந்து, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, விழுந்தீர்களா, கை காலுக்குள் ஓடுகிறதா, மரத்துப்போகிறதா. தொழிலையும் கேட்டாக வேண்டும். தாராவியில் சட்டத்தின் மேல் குனிந்து ஜரிகை வேலை செய்பவரின் கழுத்தும், கும்பார்வாடாவில் மண் மிதித்துச் சக்கரம் சுற்றுபவரின் இடுப்பும், விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவரின் தோளும் வெவ்வேறு காரணத்துக்காக நோகின்றன. செம்பூரிலிருந்து கூட்ட ரயிலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஆபீஸ் போகிறவரின் தோளுக்கு வேறு கதை. வேலை மாறாமல் வலி மட்டும் மாறாது. எப்படி உட்கார்கிறீர்கள் என்று கேட்பவர், உட்காரும் பலகையை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்ளவும் சொல்வார். பத்து நாள் எண்ணெயைவிட அது சில சமயம் அதிகம் வேலை செய்யும்.

கேள்வியின் முக்கிய வேலை, மசாஜால் தீராத வலியைப் பிரித்தெடுப்பது. நாலு வலிகளைத் தெரிந்துகொண்டால் போதும், பெரும்பாலான விபத்தைத் தவிர்க்கலாம்.

முதலாவது, முதுகு. இரண்டு மாதமாக நடுமுதுகு வலிக்கிறது, ராத்திரியில் கூடுகிறது, சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது, உடம்பு இளைக்கிறது என்று ஒருவர் சொன்னால் எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவே கூடாது. முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். எலும்பைத் தாக்கும் காசநோயில் பாதியளவு முதுகெலும்பில்தான் குடியேறுகிறது. நெருக்கமான குடியிருப்பும் காற்றில்லாத பட்டறையும் உள்ள இடத்தில் இந்தச் சந்தேகம் எப்போதும் முன்வரிசையில் நிற்க வேண்டும். மருந்து சாப்பிட்டால் குணமாகும். விட்டுவிட்டால் எலும்பு நொறுங்கிக் கால்கள் செயலிழக்கவும் கூடும். அரித்துப்போன எலும்பின் மேல் முழங்கையை ஊன்றி அழுத்துவது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. தாராவிக்காரருக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அரசு ஏற்பாட்டில் காசநோய் மருந்து இலவசம். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அதே நாளில் போக வேண்டும்.

இரண்டாவது, இடது தோள். தமிழனின் ‘வாயுப் பிடிப்பு’ என்ற சொல் எத்தனை மாரடைப்புகளை மறைத்து வைத்திருக்கிறதோ தெரியாது. நெஞ்சு கனக்கிறது, தோளிலும் தாடையிலும் பரவுகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது இஞ்சித் தைலத்தின் வேலையல்ல. சர்க்கரைக்காரருக்கு வலி பெரிதாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். “மாடிப்படி ஏறினா வலி கூடுதா அண்ணாச்சி? வேர்க்குதா?” என்று தேய்ப்பவர் கேட்கும் இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். தைலம் போட்டு ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் அந்த ஒரு மணி நேரம் திரும்ப வராது.

மூன்றாவது, ஒரு பக்கக் கெண்டைக்கால். இரண்டு காலும் வலித்தால் அலுப்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, மாவுக்கட்டுப் போட்டிருந்ததா, படுக்கையில் கிடந்தாரா, பிரசவம் ஆனதா, தூரப் பயணம் போய் வந்தாரா என்று கேட்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஒரு நாளைக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கி, கால் வீங்கியிருக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடு என்று சொல்வது மும்பைத் தமிழர் வீடுகளில் சகஜம். இரண்டு காலும் சமமாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் படுத்து எழுந்தால் வடிந்துவிடும். ஒற்றைக் கால் என்றால் டாக்டர்.

நாலாவது, வலியே இல்லாத பாதம். நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகிறது. சூடு போதுமா என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் சூடு வை என்பார். காரணம், அவருக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம் மறுநாள் தெரியும், புண் மறு மாதம் தெரியும். இப்படிப்பட்டவரிடம் வாடிக்கையாளரின் வார்த்தையை நம்பாமல், எண்ணெயைத் தேய்ப்பவர் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துக்கொள்வதுதான் முறை. விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரைப் பட்டியலும் இதே ரகம். ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களை ஓங்கி அழுத்தினால் உள்ளுக்குள் ரத்தம் கன்றும். மாதுங்காவின் பழைய கட்டடங்களில் தனியாக வாழும் வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். கால் முதலாக வெளிவந்து பிறந்தவரை முதுகில் மிதிக்கச் சொன்னால் பிடிப்பு விடும் என்ற பழைய நம்பிக்கையை அவர்களிடம் சோதித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. காய்ச்சல், தொற்றுள்ள தோல் நோய், ஆறாத காயம், அடிபட்டு இரண்டு நாள்கூட ஆகாத சுளுக்கு – இவற்றின் மேல் கை வைப்பதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு மென்மையான தொடுதல் ஆறுதல் தரும், ஆனால் சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்ட பிறகு. எள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. எந்த எண்ணெயும் முதலில் முன்கையில் ஒரு துளி.

பிள்ளை பெற்ற வீடு தனி அத்தியாயம். நாற்பது நாள் தாய்க்கும் சேய்க்கும் மாலிஷ் என்பது மராத்தி, குஜராத்தி வீடுகளைப் போலவே மும்பைத் தமிழ் வீடுகளிலும் வேரூன்றிய பழக்கம். தாய்க்கு அது அசதியை மட்டும் போக்குவதில்லை. அந்த அரை மணி நேரம்தான் நாள் முழுக்க அவளை யாராவது கவனிக்கும் நேரம். ஆனால் பிரசவம் எப்படி ஆனது என்ற கேள்வி முதல் நாளே வர வேண்டும். சிசேரியன் ஆனவர் வயிற்றைப் பிடித்து அமுக்கக் கூடாது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தையல் பக்கமே போகக் கூடாது. கால் வீக்கத்தைப் பற்றி மேலே சொன்னது பிரசவித்தவளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். குழந்தைக்குக் கை மென்மையாக இருக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பாட்டி வைத்தியத்தைக் குழந்தை டாக்டர்கள் ஒருமுகமாக எதிர்க்கிறார்கள். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா. குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். மருமகள் சொன்னால் எடுபடாத இந்த விஷயங்களை, “அக்கா, டாக்டர் என்ன சொல்லி அனுப்பிச்சாங்க?” என்று மாலிஷ்வாலியே கேட்டால் மாமியாரும் கேட்டுக்கொள்வார்.

இன்னொரு வகைக் கேள்வி நோயைப் பற்றியதல்ல, மரியாதையைப் பற்றியது. எவ்வளவு அழுத்தலாம், எங்கே தொடக் கூடாது, எந்தத் துணியை எடுக்க வேண்டியதில்லை, வலித்தால் எப்படிச் சொல்வீர்கள். மசாஜ் பார்லர் என்ற வார்த்தைக்கே போலீஸ் ரெய்டு வாசனை அடிக்கும் நகரத்தில் இந்தப் பேச்சு இருபக்கமும் பாதுகாப்பு. ஒழுங்கான கேரள நிலையங்களில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது விதி. வீட்டுக்கு வந்து தேய்க்கும் பெண்ணுக்கும், எந்த வீட்டுக்கு, யாருக்கு என்று முன்கூட்டிக் கேட்கும் உரிமை உண்டு. கண் தெரியாதவர்கள் மசாஜ் பயிற்சி பெற்றுப் பிழைப்பது மும்பையிலும் உண்டு, ஜப்பானில் பல நூற்றாண்டு மரபாகவும் உண்டு. பார்வை இல்லாததால் அவர்கள் ஒவ்வொன்றையும் வாய் விட்டுக் கேட்டுத்தான் தொட வேண்டும். கண்ணுள்ளவர்கள் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிடும் கேள்விகள் அவை.

இத்தனையும் தெரிந்தால் ஏன் கேட்பதில்லை? அறியாமை பாதிக் காரணம்தான். மீதி, காசு. முடிதிருத்தும் கடையில் தலைக்கு இவ்வளவு என்பதுதான் வருமானம். பின்னால் பெஞ்சில் மூன்று பேர் காத்திருக்கும்போது பத்து நிமிடம் விசாரித்தால் ஒரு தலை போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பெரிய நஷ்டம். வீடு வீடாகப் போகிறவர் நிலைமை இன்னும் மோசம். “உங்க காலைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தால் அன்றைய கூலி கிடையாது. அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்பவருக்குக் கூலி இல்லாத தொழிலில் எல்லோருக்கும் ‘சரி’ என்றுதான் பதில் வரும்.

மாதுங்கா நிலையத்து வைத்தியருக்கு இந்தச் சங்கடம் குறைவு. அவருக்கு ஆலோசனைக் கட்டணம் தனி. மசாஜ் கூடாது என்று சொன்னாலும் அவர் வேலை செய்தவர்தான். ஆனால் அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நம்பிவிட வேண்டியதில்லை. ஏழு நாள், பதினாலு நாள் என்று பாக்கேஜ் விற்று முன்பணம் வாங்கிய பிறகு கேட்கப்படும் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற பதில் வர வாய்ப்பு குறைவு. சில இடங்களில் இரண்டு பக்கப் படிவத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். தேய்க்கப் போகும் பையன் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. நாளைக்கு வழக்கு வந்தால் முதலாளியைக் காப்பாற்றத்தான் அந்தக் காகிதம். விசாரணையின் அடையாளம், கேள்விக்கு ஏற்பக் கை மாறுகிறதா என்பதுதான். நீங்கள் சர்க்கரை என்று எழுதிக்கொடுத்த பிறகும் எல்லோருக்கும் ஊற்றும் அதே சூட்டில் எண்ணெய் ஊற்றினால், அவர்கள் எதையும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே வாடிக்கையாளருக்கும் வேலை இருக்கிறது. கேட்கப்படாவிட்டால் தானாகவே சொல்லிவிடுவது: என்ன நோய், என்ன மாத்திரை, எப்போது ஆபரேஷன், எங்கே தொட வேண்டாம். சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பது. நடுவில் தலை சுற்றினாலோ வலி கூடினாலோ சும்மா கிடக்காமல் போதும் என்பது. ஆண்பிள்ளை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது மல்யுத்தக் கொட்டகைக்குச் சரி. வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் பலன் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முடிந்த பிறகு இரண்டு நாள் லேசான நோவு சகஜம். அதற்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அதைச் சொல்ல வேண்டும். நல்ல தேய்ப்பாளர் அடுத்த முறை அதைத்தான் முதலில் கேட்பார்.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டுக்கு வருகிறவர் காலைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால், அன்றைய கூலியை அவர் கையில் கொடுத்து அனுப்பலாம். அவர் அன்று தேய்க்காமல் செய்த வேலை, மற்ற நாள் தேய்த்துச் செய்ததைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். கேள்விக்கும் மறுப்புக்கும் கூலி உண்டு என்று தெரிந்தால் தாராவியின் நாற்காலியிலும் கேள்வி பிறக்கும்.